கிடங்கில் இருக்கும் மருந்து வாய்க்கு வருமா? ஒரு நகரத்துக்கே இரண்டு நாளில் மாத்திரை கொடுப்பதன் கணக்கு

கொடிய கிருமி, கதிர்வீச்சுக் கசிவு, புதிதாகக் கிளம்பிய தொற்று என்று செய்தி வந்தால், அதன் வாலைப் பிடித்துக்கொண்டே ஓர் அறிவிப்பும் வரும்: "போதுமான மருந்து கையிருப்பில் உள்ளது." அறிவிப்பு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மக்கள் மனத்தில் இருக்கும் கேள்விக்கு அது பதில் ஆகாது. கிடங்கில் அடுக்கியிருக்கும் பெட்டிகள் எத்தனை மணி நேரத்தில் வீட்டுக்கு வரும், வந்தால் யார் விழுங்குவார்கள், யார் அலமாரியில் போட்டு மறப்பார்கள் என்பதைக் கையிருப்புக் கணக்கு சொல்வதில்லை.

இந்த வேலையைத் திட்டமிடுபவர்களுக்குத் தூக்கம் கெடுவது பெரும்பாலும் மருந்தை நினைத்து அல்ல. கடிகாரத்தையும் வரிசையையும் நினைத்துத்தான். அந்தக் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் நான்கு சொற்கள்

1. பெருந்திரள் மருந்து விநியோகம்: நோய் இன்னும் வராதவர்களுக்கு, அது வராமல் தடுப்பதற்காக, குறுகிய காலத்தில் பெரும் எண்ணிக்கையில் மருந்து கொடுப்பது. நோயில் விழுந்தவர்களுக்குத் தரும் சிகிச்சை இதில் சேராது. அது மருத்துவமனையின் வேலை. இந்த வேறுபாடு மங்கிப்போகும் இடத்தில்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது.

2. நோயரும்பு காலம்: கிருமி உடலுக்குள் புகுந்த நேரத்துக்கும் முதல் அறிகுறி தலைகாட்டும் நேரத்துக்கும் இடைப்பட்ட காலம். விநியோகத் திட்டத்துக்குக் கிடைக்கும் அவகாசம் இதற்குள்தான் அடங்கும்.

3. வெளிப்பாட்டுக்குப் பிந்தைய தடுப்பு மருந்து: கிருமியோ கதிர்வீச்சோ ஒருவரைத் தொட்டிருக்கலாம் என்ற நிலையில், அறிகுறிக்குக் காத்திராமல் தொடங்கும் மருந்து.

4. விநியோக மையம்: பள்ளி, விளையாட்டரங்கு, சமூகக் கூடம் போன்ற இடத்தைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டு மருந்து வழங்கும் இடம். அங்கே நோயாளிகள் வரக் கூடாது. வந்தால் வாசலிலேயே பிரித்து மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

எல்லா அவசரமும் ஒரே அவசரம் அல்ல

"அவசரகால மருந்துத் திட்டம்" என்று ஒரே பெயரில் பேசினாலும் உள்ளே மூன்று விதமான அவசரங்கள் இருக்கின்றன. ஒன்றுக்குப் போட்ட திட்டத்தை இன்னொன்றுக்குத் தூக்கிவைத்தால் அது உதவாமல் போவதோடு, சில நேரம் கேடும் செய்யும்.

முதலாவது ஆந்த்ராக்ஸ் வகை. ஆந்த்ராக்ஸ் ஒரு பாக்டீரியா நோய். காற்றில் பரப்பப்பட்ட அதன் விதைமூலங்களை, அதாவது உறங்கும் நிலையில் இருக்கும் கிருமிகளை, சுவாசித்தவருக்கு நோய் வரும். ஆனால் அவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்றாது. ஆகவே கூட்டம் கூடுவதில் தொற்று ஆபத்து இல்லை. ஆபத்து முழுக்க நேரத்தில் இருக்கிறது. அறிகுறி தோன்றிவிட்டால் நவீன சிகிச்சை கொடுத்தும் பலரைக் காப்பாற்ற முடிவதில்லை. 2001-இல் அமெரிக்காவில் கடிதங்கள் மூலம் பரப்பப்பட்டபோது நுரையீரல் வகை நோய் கண்ட 11 பேரில் 5 பேர் இறந்தார்கள். அறிகுறிக்கு முன்பே டாக்சிசைக்ளின் அல்லது சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைத் தொடங்கியவர்களின் கதை முற்றிலும் வேறு.

இரண்டாவது நுரையீரல் பிளேக் வகை. இது ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றும். ஐந்நூறு பேரை ஒரு கூடத்தில் வரிசையில் நிறுத்துவது இங்கே கிருமிக்கு விருந்து வைப்பது போல. ஊர் முழுவதற்கும் கொடுப்பதைவிட, நோயாளியோடு நெருங்கிப் பழகியவர்களைத் தேடிப் பிடித்து ஏழு நாள் மருந்து கொடுப்பதே வழி. 2017-இல் மடகாஸ்கரில் பிளேக் பரவியபோது இப்படித்தான் 7,000-க்கும் மேற்பட்டவர்களைக் கண்டறிந்து மருந்து கொடுத்தார்கள். இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1994 செப்டம்பரில் சூரத் சாட்சி: பிளேக் என்ற சொல் காதில் விழுந்ததும் லட்சக்கணக்கானோர் நகரை விட்டு வெளியேறினார்கள், கடைகளில் டெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி காணாமல் போனது. தேவையானவருக்கு இல்லாமல் போன மருந்து, தேவையற்றவரின் பைக்குள் இருந்தது.

மூன்றாவது அணு உலை விபத்து வகை. தைராய்டு சுரப்பி கதிரியக்க அயோடினை உறிஞ்சாமல் தடுக்க, சாதாரண அயோடினை முன்கூட்டியே கொடுத்து அதை நிரப்பிவிடுவது இதன் தத்துவம். இங்கே அவகாசம் நாட்களில் அல்ல, மணிகளில். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்படி, கதிர்வீச்சு வந்து சேர்வதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள், அல்லது வந்தபின் 2 மணி நேரத்துக்குள் விழுங்குவதே சிறந்தது. ஒரு நாள் கடந்து கொடுத்தால் நன்மையைவிடத் தீமைதான் அதிகம்.

இந்த மூன்றாவது வகையில் இரு நாடுகளின் அனுபவம் எதிரெதிராக நிற்கிறது. 1986 ஏப்ரல் 26-இல் செர்னோபில் உலை வெடித்தது. போலந்து, சோவியத் அரசின் விளக்கத்துக்குக் காத்திராமல், ஏப்ரல் 29-இல் அயோடின் மருந்தான பொட்டாசியம் அயோடைடை வழங்கத் தொடங்கியது. மாத்திரையாக ஊருக்கே கொடுக்க இருப்பு போதாது. அதனால் மருந்தகங்களில் திரவமாகக் கலக்கிக் கொடுத்தார்கள். சில நாட்களில் சுமார் ஒரு கோடி குழந்தைகள் அதைக் குடித்திருந்தார்கள். வழங்கிய இடங்கள் பள்ளிகளும் மருந்தகங்களும் மருத்துவ நிலையங்களும். புதிதாக எதையும் கட்டவில்லை.

2011-இல் ஃபுகுஷிமாவில் மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பல உள்ளாட்சி அலுவலகங்களில் முன்பே இருப்பு வைத்திருந்தார்கள். வராமல் போனது "கொடுங்கள்" என்ற உத்தரவு. மிஹாரு என்ற சிற்றூரின் நிர்வாகம் மார்ச் 15-இல் தன் பொறுப்பில் முடிவெடுத்து மக்களுக்கு வழங்கியது. மேலிடத்திலிருந்து திரும்பப் பெறச் சொன்னார்கள், ஊர் மறுத்துவிட்டது. மருந்தைவிட, அதைத் திறக்கும் அதிகாரம் யாரிடம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. உலைகளைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு ஃபிரான்ஸ் மாத்திரையை முன்கூட்டியே கொடுத்துவைக்கிறது. 2019-இல் அந்த வட்டத்தை 10 கிலோமீட்டரிலிருந்து 20 கிலோமீட்டராக விரித்தது. வேளை வரும்போது மருந்தைக் கொண்டுபோகும் வேலையே இல்லை.

இனி முதல் வகையை மட்டும் விரிவாகப் பார்ப்போம். மற்ற இரண்டையும்விட அதில்தான் வரிசைக் கணக்கு முழுமையாக வெளிப்படுகிறது.

48 மணி நேரம் எங்கே கரைகிறது

அமெரிக்கா 1999-இல் தேசிய மருந்துக் கையிருப்பு ஒன்றை ஏற்படுத்தியது. உத்தரவிட்ட 12 மணி நேரத்துக்குள் நாட்டின் எந்த மூலைக்கும் சேரும்படி, ஏறத்தாழ 50 டன் எடையுள்ள தொகுப்புகளைத் தயாராக வைத்தது. பிறகுதான் உறைத்தது: விமான நிலையத்தில் 50 டன் இறங்கிவிட்டால் போதுமா? 2004-இல் 21 நகரங்களில் தொடங்கி, பின்னர் 72 பெருநகரப் பகுதிகளுக்கு விரிவாக்கிய தனித் திட்டம் ஒன்று, முடிவெடுத்த 48 மணி நேரத்துக்குள் மொத்த மக்களுக்கும் மருந்து சேர வேண்டும் என்று இலக்கு வைத்தது.

48 என்ற எண் வானத்திலிருந்து விழவில்லை. சுவாசித்த ஆந்த்ராக்ஸின் அறிகுறி பெரும்பாலும் சில நாட்களில் தொடங்கும். முதல் நோயாளி மருத்துவமனைக்கு வந்து, பரிசோதனை முடிந்து, ஐயம் உறுதியாவதற்குள் அந்த அவகாசத்தில் ஒரு பகுதி தீர்ந்துவிடுகிறது. மீதியில்தான் விநியோகம் நடக்க வேண்டும்.

பத்து லட்சம் பேர் வாழும் நகரம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். கீழுள்ள எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

1. மருந்து நகருக்கு வந்து சேர 12 மணி நேரம்.
2. இறக்கி, பிரித்து, மையங்களுக்கு அனுப்பி, ஆட்களை அமர்த்தி, கதவைத் திறக்க இன்னொரு 12 மணி நேரம்.
3. மக்களுக்கு வழங்க மிஞ்சுவது 24 மணி நேரம்.
4. பத்து லட்சத்தை 24-ஆல் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 41,700 பேர்.
5. ஒரு மையம் மணிக்கு 500 பேரைக் கையாளும் என்றால், தேவை 84 மையங்கள். இரவும் பகலும் நிற்காமல்.

84 மையங்களுக்கு ஆள் எங்கே? இந்த இடத்தில்தான் திட்டமிடுபவர்கள் ஒரு விதியைத் தளர்த்துகிறார்கள்: ஒவ்வொருவரும் நேரில் வர வேண்டாம், வீட்டுக்கு ஒருவர் வந்து எல்லோருக்கும் வாங்கிச் செல்லட்டும். சராசரியாக வீட்டுக்கு நான்கு பேர் என்றால், வரிசையில் நிற்பவர்கள் இரண்டரை லட்சம். மணிக்கு 10,400 பேர். 84 மையங்கள் 21 ஆகச் சுருங்கிவிடுகின்றன.

இது சும்மா கிடைத்த லாபம் அல்ல. வராத மூன்று பேரின் ஒவ்வாமை, வயது, எடை, கர்ப்பம் எல்லாவற்றையும் வந்த ஒருவர் சரியாகச் சொல்ல வேண்டும். தவறு நேரும் வாய்ப்பு கூடுகிறது. அந்த வாய்ப்பை, மருந்து கிடைக்காமல் போகும் வாய்ப்போடு எடைபோட்டுத்தான் விதியைத் தளர்த்துகிறார்கள். வழக்கமான மருத்துவத்தில் ஏற்க முடியாத சமரசம் இங்கே நியாயமாகிறது. யாரை மனத்தில் வைத்து இதைச் செய்கிறோம் என்பது மட்டும் தெளிவாக இருந்தால் போதும்.

ஒரு நிமிடத்தின் விலை

இப்போது மையத்துக்குள் நுழைவோம். மணிக்கு 500 பேர் வருகிறார்கள். கவுன்ட்டரில் ஒருவருக்கு இரண்டு நிமிடம் ஆகிறது என்றால், ஒரு கவுன்ட்டர் மணிக்கு 30 பேரை அனுப்பும். 500-ஐ 30-ஆல் வகுத்தால் 17 கவுன்ட்டர்கள் போதும்போலத் தோன்றும். தோன்றுவது தவறு.

காரணம் வரிசையின் இயல்பு. மக்கள் சீராக, நிமிடத்துக்கு எட்டுப் பேர் என்று எண்ணிக்கொண்டு வருவதில்லை. திடீரென முப்பது பேர் வருவார்கள், பிறகு ஐந்து நிமிடம் யாரும் வரமாட்டார்கள். சும்மா இருந்த ஐந்து நிமிடத்தைச் சேமித்துவைத்துப் பிறகு செலவழிக்க முடியாது. வரிசைக் கோட்பாட்டின் எளிய வாய்பாடு ஒன்று இதை அழகாகக் காட்டுகிறது. ஒரே கவுன்ட்டர், தாறுமாறாக வரும் ஆட்கள் என்று வைத்துக்கொண்டால்:

1. கவுன்ட்டர் தன் திறனில் பாதி அளவுக்கு வேலை செய்யும்போது, காத்திருக்கும் நேரம் ஒருவரைக் கவனிக்க ஆகும் நேரத்துக்குச் சமம்.
2. 80 சதவீதத்தில் அது நான்கு மடங்கு.
3. 90 சதவீதத்தில் ஒன்பது மடங்கு.
4. 95 சதவீதத்தில் பத்தொன்பது மடங்கு.

கடைசி ஐந்து சதவீதத்தைக் கசக்கிப் பிழிந்தால் வரிசை இரண்டு மடங்காகிறது. "எல்லா ஊழியரும் எப்போதும் பரபரப்பாக இருக்கிறார்கள்" என்பது ஒரு மையத்துக்குப் பாராட்டு அல்ல. அது வரிசை உடையப்போகிறது என்பதற்கான அறிகுறி. பல கவுன்ட்டர்களுக்குத் தனித்தனி வரிசை போடாமல் ஒரே வரிசையிலிருந்து பிரித்து அனுப்பினால் நிலைமை வெகுவாக மேம்படும். அப்படிச் செய்தாலும் 80 சதவீதத்துக்கு மேல் திட்டமிடாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

அந்த அளவுகோலை வைத்து மறுபடி கணக்கிட்டால், இரண்டு நிமிடக் கவுன்ட்டர்கள் 21 தேவை. உரையாடலை ஒரு நிமிடமாகச் சுருக்கினால் 11. மையத்துக்குப் பத்து கவுன்ட்டர்கள் மிச்சம். 21 மையங்களுக்கு 210. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் இரண்டு என்றால் 420 ஆட்கள். கவுன்ட்டரில் கேட்கும் ஒரு தேவையற்ற கேள்வியின் விலை 420 ஊழியர்கள் என்று சொன்னால் மிகையில்லை.

இன்னொரு கணக்கும் உதவும். ஓர் இடத்துக்குள் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள் என்பது, வரும் வேகத்தையும் ஒருவர் உள்ளே செலவிடும் நேரத்தையும் பெருக்கினால் கிடைத்துவிடும். 1961-இல் ஜான் லிட்டில் நிறுவிய விதி இது. மணிக்கு 500 பேர் வந்து, ஒவ்வொருவரும் அரை மணி நேரம் உள்ளே இருந்தால், எந்த நேரத்திலும் 250 பேர் கூடத்துக்குள் இருப்பார்கள். ஒரு மணி நேரம் ஆனால் 500 பேர். கட்டடத்தின் அளவு, கழிப்பறை, வாகனம் நிறுத்த இடம், வெயிலில் நிழல் எல்லாம் இந்த ஒரு பெருக்கலிலிருந்து வரும்.

நெரிசலுக்கு ஒரு குணம் உண்டு: அது இடம் மாறும். படிவம் நிரப்பும் மேசையில் கூட்டம் என்று அங்கே ஆட்களை இரட்டிப்பாக்கினால், நெரிசல் அப்படியே மருந்து கொடுக்கும் மேசைக்கு நகர்ந்து உட்காரும். தொடர் வேலையில் மிக மெதுவான நிலையத்தின் வேகம்தான் மொத்த மையத்தின் வேகம். ஆகவே ஆட்களை ஓரிடத்தில் கட்டிப்போடாமல், மேசை விட்டு மேசை நகர்த்தும் அதிகாரத்தோடு ஒருவர் தரையில் நடமாடிக்கொண்டே இருக்க வேண்டும். அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது.

என்ன கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது

வழக்கமாக மருந்து கொடுக்கும்போது மருத்துவர் நோயின் வரலாற்றைக் கேட்பார், மருந்தாளுநர் அளவை விளக்குவார். நகரம் முழுவதற்கும் அப்படிச் செய்ய முடியாது. எனவே மருத்துவ அறிவை ஆட்களிடமிருந்து எடுத்துக் காகிதத்தில் வைக்கிறார்கள். டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் ஆகிய இரண்டும் கையில் இருந்தால், படிவத்தின் சாரம் இவ்வளவுதான்:

1. காய்ச்சல், மூச்சுத் திணறல் போன்ற அறிகுறி இப்போது இருக்கிறதா? இருந்தால் மருத்துவமனைக்கு.
2. டாக்சிசைக்ளின் வகை மருந்துக்கு ஒவ்வாமை உண்டா? இல்லையென்றால் அதுவே.
3. உண்டு என்றால், சிப்ரோஃப்ளாக்சசினுக்கு ஒவ்வாமை உண்டா, டிசானிடின் என்ற தசைத் தளர்வு மருந்து சாப்பிடுகிறாரா? இரண்டும் இல்லையென்றால் சிப்ரோஃப்ளாக்சசின்.
4. இரண்டும் ஒத்துக்கொள்ளாதவர், கர்ப்பிணி, எடை குறைந்த குழந்தை ஆகியோர் மருத்துவர் அமர்ந்திருக்கும் தனி மேசைக்கு.

பெரும்பாலானோர் இரண்டாவது கேள்வியிலேயே வெளியேறிவிடுவார்கள். அவர்களுக்கென்று ஒரு விரைவு வரிசை போட்டு, பயிற்சி பெற்ற தன்னார்வலரைக்கொண்டே பொட்டலத்தைக் கொடுத்தால், மருத்துவர்களின் நேரம் உண்மையில் தேவைப்படும் சிறுபான்மைக்கு மிஞ்சும். இதற்குச் சட்டம் இடம்கொடுக்க வேண்டும்: மருந்துச் சீட்டு இல்லாமல், மருந்தாளுநர் அல்லாதவர் கையால் மாத்திரை வழங்க அவசரகால அனுமதி முன்பே வரைந்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். நெருக்கடி வந்தபின் வழக்கறிஞரைத் தேடினால் 48 மணி நேரமும் அங்கேயே முடிந்துவிடும்.

எதைக் கேட்கக் கூடாது? என் கணிப்பில் முதலாவது அடையாள அட்டை. அதைக் கேட்டால் வரிசை மெதுவாகும் என்பது சிறிய பிரச்சினை. ஆவணம் இல்லாதவர், தெருவில் வாழ்பவர், அதிகாரிகளைக் கண்டு அஞ்சும் குடியேறியவர் வராமலே போய்விடுவார்கள் என்பது பெரிய பிரச்சினை. ஒருவர் இரண்டு முறை வாங்கிச் செல்லக்கூடும் என்ற கவலைக்காக அவர்களைத் துரத்துவது கணக்குத் தெரியாத வேலை. இரண்டு பொட்டலம் கூடுதலாகப் போகட்டும்.

எடை பார்ப்பதும் இப்படித்தான். தராசு மெதுவானது, பழுதாகும், எல்லா இடத்திலும் கிடைக்காது. ஒட்டுண்ணிப் புழுக்களுக்கு எதிரான ஐவர்மெக்டின் மாத்திரையை ஆப்பிரிக்கக் கிராமங்களில் பல ஆண்டுகளாக உயரத்தை வைத்தே கொடுத்துவருகிறார்கள். கோடு போட்ட ஒரு கோலின் அருகே ஆளை நிறுத்தினால், தலை எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அத்தனை மாத்திரை. 90 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கும் குழந்தைக்குக் கிடையாது. எழுத்தறிவு குறைந்த தன்னார்வலரும் தவறு செய்ய இடமில்லாத கருவி அது. மையங்களுக்குத் தேவையான புத்திசாலித்தனம் இந்த மாதிரியானது.

வரிசைக்கு வராதவர்கள்

மக்கள் வந்து வாங்கும் முறை எவ்வளவு சிறப்பாக நடந்தாலும், வராத ஒரு கூட்டம் எப்போதும் இருக்கும்: படுக்கையில் இருப்பவர், தனியாக வாழும் முதியவர், சிறைக்கைதி, விடுதியில் இருப்பவர், ஷிப்ட் விட்டு நகர முடியாத தொழிலாளி. இவர்களுக்கு மருந்தே தேடிப் போக வேண்டும்.

அமெரிக்கா அஞ்சல்காரர்கள் மூலம் வீடுவீடாகப் போடும் முறையைச் சில நகரங்களில் சோதித்தது. 2009 டிசம்பரில் அதற்கென ஜனாதிபதி ஆணையே வந்தது. வேகத்தில் அதை மிஞ்ச ஆளில்லை: எல்லா வீட்டின் முகவரியும் அறிந்த, தினமும் அந்தத் தெருவில் நடக்கும் ஓர் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் கதவுக்குள் செருகப்படும் பொட்டலத்திடம் யாரும் ஒவ்வாமை பற்றிக் கேட்க முடியாது. எல்லா வீட்டுக்கும் ஒரே மருந்து, ஒரே அளவு. ஆகவே இதை முதல் சில நாட்களுக்கான அவகாசம் வாங்கித்தரும் வழியாகப் பார்ப்பதே சரி.

இன்னொரு வழி மூடிய மையங்கள்: பெரிய நிறுவனம், மருத்துவமனை, முதியோர் இல்லம், பல்கலைக்கழகம் ஆகியவை தங்கள் ஆட்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் தாங்களே வழங்குவது. பொது வரிசையிலிருந்து பெருங்கூட்டத்தைச் சத்தமின்றிக் குறைக்கும் முறை இது. ஒப்பந்தத்தை மட்டும் நெருக்கடிக்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

வராதவர் பட்டியலில் ஊழியர்களும் உண்டு என்பதைத் திட்டங்கள் மறந்துவிடுகின்றன. வீட்டில் குழந்தைக்கு மருந்து கிடைத்ததா என்று தெரியாத செவிலியர் மையத்துக்கு எப்படி வருவார்? ஊழியருக்கும் அவர் குடும்பத்துக்கும் முதலில் மருந்து என்பது சலுகை மாதிரி தெரியும். கதவு திறப்பதற்கான நிபந்தனையே அதுதான்.

2001: ஒரே நோய், இரண்டு மாத்திரை

2001 அக்டோபர் 15-இல் அமெரிக்க நாடாளுமன்ற வளாகத்தில் செனட்டர் ஒருவரின் அலுவலகத்தில் ஆந்த்ராக்ஸ் கடிதம் பிரிக்கப்பட்டது. அங்கிருந்த பணியாளர்களுக்கு உடனடியாக மருந்து தரப்பட்டது. அந்தக் கடிதம் வந்த வழியில் இருந்த பிரென்ட்வுட் அஞ்சல் பிரிப்பு நிலையம் அக்டோபர் 21 வரை மூடப்படவில்லை. ஒட்டிய உறையிலிருந்து ஆபத்தான அளவில் விதைமூலம் கசியாது என்பது அப்போதைய நம்பிக்கை. அந்த நிலையத்தின் ஊழியர்கள் இருவர் இறந்தார்கள்.

பிறகு அஞ்சல் ஊழியர்களுக்கும் மருந்து வந்தது. ஆனால் நாடாளுமன்றத்துக்குச் சிப்ரோஃப்ளாக்சசின், அஞ்சல் ஊழியர்களுக்கு டாக்சிசைக்ளின். மருத்துவக் காரணம் நியாயமானது: இரண்டுக்கும் பலன் ஒத்தது, டாக்சிசைக்ளினுக்குப் பக்கவிளைவு குறைவு, சிப்ரோஃப்ளாக்சசினைப் பரவலாகக் கொடுத்தால் கிருமிகள் அதற்கு எதிர்ப்புப் பெறும். வரிசையில் நின்றவர்களுக்கு இது எப்படிப் பட்டது? பெரிய மனிதர்களுக்கு நல்ல மாத்திரை, நமக்கு மலிவு மாத்திரை. ஒரு வாரத் தாமதத்தில் இருவரை இழந்தவர்கள் அப்படி நினைத்ததில் வியப்பு என்ன இருக்கிறது? மருந்து மாறும்போது காரணத்தை, மாறும் முன்பே, கேட்பவரின் மொழியில் சொல்லியிருக்க வேண்டும்.

விழுங்கியது எத்தனை பேர்?

ஆந்த்ராக்ஸ் விதைமூலம் நுரையீரலில் வாரக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். நுண்ணுயிர்க்கொல்லி முளைத்த கிருமியைத்தான் கொல்லும். உறங்கும் விதைமூலத்தை ஒன்றும் செய்யாது. 1979 ஏப்ரலில் சோவியத் நகரமான ஸ்வெர்ட்லோவ்ஸ்கில் இராணுவக் கூடத்திலிருந்து விதைமூலம் கசிந்தபோது, கசிவுக்கு ஆறு வாரம் கழித்துக்கூட சிலர் நோயில் விழுந்தார்கள். அதனால்தான் மருந்து 60 நாள். நாளுக்கு இரண்டு என்றால் ஆளுக்கு 120 மாத்திரை. நம் கற்பனை நகரத்துக்கு 12 கோடி. முதல் சுற்றில் பத்து நாளுக்கு மட்டும் கொடுத்து, யாருக்கு உண்மையில் தேவை என்று ஆய்வில் தெரிந்தபின் மீதியைத் தருவது இதனால்தான். அந்த இரண்டாவது சுற்றைப் பல திட்டங்கள் ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றன.

2001-இல் சுமார் 10,000 பேருக்கு 60 நாள் மருந்து பரிந்துரைக்கப்பட்டது. பின்னர் விசாரித்ததில், முழுக் காலமும் சாப்பிட்டவர்கள் 44 சதவீதம். நியூயார்க்கின் ஓர் அஞ்சல் நிலையத்தில் 21 சதவீதம். ஊழியர்கள் இறந்த பிரென்ட்வுட்டில் 64 சதவீதம். பயம் கண்முன் நின்ற இடத்திலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிறுத்திவிட்டார்கள். வயிற்றுக் கோளாறு ஒரு காரணம். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்ற எண்ணம் இன்னொன்று. நோயில்லாதவரை இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட வைப்பது எளிதல்ல.

ஆகவே பொட்டலத்தோடு போகும் துண்டுச்சீட்டு அலங்காரம் அல்ல. நிறையத் தண்ணீரோடு விழுங்கவும், விழுங்கியவுடன் படுக்க வேண்டாம், வெயிலில் தோல் எளிதில் கன்றிப்போகும், சிப்ரோஃப்ளாக்சசினைப் பாலோடு சேர்த்துச் சாப்பிட வேண்டாம், குழந்தைக்கு மாத்திரையைப் பொடித்து எப்படி அளப்பது, எந்த அறிகுறி வந்தால் எங்கே போவது: இவ்வளவும் ஒரு பக்கத்தில், படத்தோடு, அந்த ஊரில் பேசும் எல்லா மொழியிலும்.

யானைக்கால் நோய் ஒழிப்புத் திட்டங்கள் இந்த இடைவெளியை வேறு வழியில் அடைக்கப் பார்க்கின்றன. அங்கே ஒரு சுற்றுக்கு ஒரே வேளை என்பதால், வழங்குபவர் கண்ணெதிரே விழுங்கச் சொல்ல முடிகிறது. மொத்த மக்கள்தொகையில் குறைந்தது 65 சதவீதம் பேர் விழுங்கினால்தான் அந்தச் சுற்று பலன் தரும் என்பது அளவுகோல். "வழங்கப்பட்டது", "உட்கொள்ளப்பட்டது" என்று இரண்டு தனிக் கட்டங்கள் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்று அனுபவம் கற்றுக்கொடுத்தது. அவசரகால அறிக்கைகளில் இரண்டாவது கட்டத்தைத் தேடிப் பாருங்கள்; அநேகமாக இருக்காது.

பக்கவிளைவும் பழியும்

பத்து லட்சம் பேர் ஒரே வாரத்தில் ஒரே மாத்திரையைத் தொடங்கினால், அந்த வாரத்தில் நகரில் நிகழும் எல்லா மாரடைப்பும், கருச்சிதைவும், திடீர் மரணமும் மாத்திரை சாப்பிட்டவருக்கே நிகழும். வேறு யாரும் மிச்சம் இல்லையே. வழக்கமான வாரத்தில் இவை எத்தனை நிகழ்கின்றன என்ற எண் கையில் இல்லாவிட்டால், உண்மையான பக்கவிளைவையும் தற்செயலையும் பிரிக்க முடியாது. வதந்திக்குப் பதில் சொல்லவும் முடியாது. எந்த பேட்ச் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) எண் எந்த மையத்துக்குப் போனது என்ற பதிவும் அவசியம். ஒரு பேட்சில் குறை கண்டால் நகரம் முழுவதையும் பயமுறுத்தாமல் அதை மட்டும் திரும்பப் பெற அதுவே வழி.

கையிருப்பில் இருக்கும் மருந்து பழையதாக இருக்கிறதே என்ற புகாரும் அடிக்கடி எழும். அமெரிக்கா 1986 முதல் இருப்பு மருந்துகளைச் சோதித்து, தரம் குறையாதவற்றின் காலக்கெடுவை நீட்டிவருகிறது. 122 மருந்துகளை ஆராய்ந்து 2006-இல் வந்த அறிக்கையில், 88 சதவீத பேட்சுகள் அட்டையில் இருந்த தேதிக்கு மேல் குறைந்தது ஓராண்டு தாங்கின. ஆனால் இது சரியான வெப்பநிலையில், பிரிக்காத பெட்டியில் வைத்த மருந்துக்குத்தான் பொருந்தும். பழைய தேதி அச்சிட்ட அட்டையை விளக்கமில்லாமல் மக்கள் கையில் கொடுத்தால், சோதனை முடிவு எதுவும் காப்பாற்றாது, குப்பைத்தொட்டிக்குத்தான் போகும்.

கடைசியாக, வீடுகளில் மிஞ்சும் மாத்திரை. 60 நாள் மருந்தைப் பாதியில் நிறுத்தியவர்கள் வீட்டில் ஆளுக்கு அறுபது மாத்திரை இருக்கும். அடுத்த சளிக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு என்று அது கரையும். கிருமிகளுக்கு எதிர்ப்பாற்றல் பழக்கிவிட இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. திரும்பப் பெறும் மேசையையும் அதே மையங்களில், மூன்றாவது சுற்றாக, முதல் நாளே திட்டத்தில் எழுதிவைக்க வேண்டும்.